பீப்பாய்ப் புகையடுப்பிற் கரியை ஆளும் முறை

மருதனார்மடத்துச் சந்தைக்குக் கத்தரியும் மிளகாயும் வெங்காயமும் ஏற்றிவரும் கமக்காரருக்குக் கரி புதிய பொருளன்று. சிரட்டைக்கரி இட்ட பெட்டியால் வேட்டி சால்வையை அழுத்திய காலம் முதியோர் நினைவில் உண்டு. தணலிற் கருவாடு சுடுவதும், தணற்சட்டியிற் சாம்பிராணி இடுவதும் இன்றும் வீட்டு வழக்கம். புகையிலை பயிரிட்ட குடும்பங்களில் வளர்ந்தோர், குடிலுக்குள் இலையைக் கட்டித் தூக்கி, பொச்சுமட்டையைச் சுவாலை எழாமற் புகையவிட்டுப் பதப்படுத்திய முறையையும் கண்டிருப்பர். நெருப்பை எரியவிடுவது ஒரு வேலை, எரியவிடாமல் உயிரோடு வைத்திருப்பது வேறொரு வேலை என்பதை அவர்களுக்கு எடுத்துக் கூறவேண்டியதில்லை.

ஆயினும், வீட்டுக் கோடிப்புறத்திற் பீப்பாய்ப் புகையடுப்பை வைத்துச் சமைக்கத் தொடங்கும்போது இந்த அறிவு எங்கோ மறைந்துவிடுகிறது. பீப்பாய்ப் புகையடுப்பு என்பது 200 லீற்றர் கொள்ளும் இரும்புப் பீப்பாயின் அடியிற் கரிக்கூடையும், மேற்புறத்திற் கம்பித் தட்டும், அதற்குமேல் மூடியும் அமைத்து, இறைச்சி, மீன், காய்கறி ஆகியவற்றை மெல்லிய சூட்டிலும் புகையிலும் பல மணிநேரம் வேகவைக்கும் அடுப்பாகும். விருந்து நாளில் ஒரு சாக்குக் கரியைப் பீப்பாயிற் கொட்டி, மண்ணெண்ணெய் தெளித்துக் கொளுத்தி, முழுவதும் சிவந்த பின்னர் கோழியை ஏற்றினால் நிகழ்வது இதுதான்: அரைமணி நேரத்தில் தோல் கருகும், எலும்போரம் பச்சையாகவே நிற்கும். சூட்டைத் தணிக்க மூடியைத் திறப்பர். நெருப்பு முன்னிலும் ஓங்கும். பின் கரி தீர்ந்து அடுப்பு அணையும். மற்றைச் சாக்கும் அவிழ்க்கப்படும்.

இதனால் ஏற்படும் நட்டத்தைச் சிரட்டைக் கணக்கிற் பார்ப்பது நன்று. சிரட்டையைக் கரியாக்கும்போது அதன் நிறையில் நாலில் ஒரு பங்கு முதற் பத்தில் மூன்று பங்கு வரையே கரியாக எஞ்சும். ஏறக்குறைய 20,000 தேங்காய்களின் சிரட்டையிலிருந்து 1,000 கிலோகிராம் கரி கிடைக்கும் என்பது இத்தொழிலில் வழங்கும் கணக்கு. அஃதாவது தேங்காய் ஒன்றுக்கு 50 கிராம். நாளொன்றுக்கு ஒரு தேங்காய் துருவும் வீட்டில், நூறு நாள் சேர்த்த சிரட்டை 5 கிலோகிராம் கரியாகும். பீப்பாயின் கூடையை ஒருமுறை நிரப்ப 4 முதல் 5 கிலோகிராம் வேண்டும். எனவே மூன்று மாதத்துக்கு மேலாகச் சேர்ந்த சிரட்டை ஒரு பிற்பகலில் அடுப்புக்குட் போகிறது. அதனை ஆளத் தெரிந்தவர் அந்த ஒரு கூடையால் ஐந்தாறு மணிநேரம் சமைத்து, மீதியையும் எடுத்து வைப்பார். தெரியாதவர் இரண்டு கூடையைத் தீர்த்தும் பச்சை இறைச்சியைப் பரிமாறுவார். 1990 ஆம் ஆண்டு முதல் மண்ணெண்ணெய் தடைப்பட்டிருந்த காலத்தை யாழ்ப்பாணத்திற் கழித்தவர்களும், 2022 ஆம் ஆண்டில் எரிவாயு உருளைக்காக வரிசையில் நின்றவர்களும் ஒரு கடகம் கரியின் பெறுமதியை மறந்திருக்கமாட்டார்கள்.

காற்றே மடை

விறகடுப்பிற் சூடு மிகுந்தால் ஒரு கொள்ளியை வெளியே இழுத்து விடலாம். குறைந்தால் உள்ளே தள்ளலாம். பீப்பாயில் அது இயலாது. எரியவேண்டிய கரி முழுவதும் தொடக்கத்திலேயே உள்ளே இருக்கிறது. ஆகவே அங்கே நெருப்பின் அளவைத் தீர்மானிப்பது உள்ளே புகும் காற்றாகும். தோட்டத்தில் நீர் இறைப்பவர் இதனை எளிதில் உணர்வர். கிணற்றில் எவ்வளவு நீர் இருப்பினும் பாத்திக்குச் செல்வது வாய்க்கால் வாயிற் திறந்துவிட்ட அளவே. பாத்தி நிரம்பி வழிந்தபின் மடையைக் கட்டுவதிற் பயனில்லை. நிரம்புவதற்குச் சற்று முன்னரே மண்வெட்டியுடன் நிற்கவேண்டும். பீப்பாயின் அடியிலுள்ள காற்றுத்துளைகளையும் அவ்வாறே கொள்ளல் வேண்டும்.

சலவைத் தொழிலாளர் பயன்படுத்திய கரிப்பெட்டியிலும் இதே அமைப்பு இருந்தது. பெட்டியின் பக்கங்களிலும் பின்புறத்திலும் உள்ள துளைகளாற் காற்றுப் புகும். தணல் மங்கினாற் பெட்டியைக் கையில் ஆட்டுவர். சூடு மிகுந்தாற் சிறிது நேரம் அசையாமல் நிறுத்திவைப்பர். மேல்நாட்டிலும் மூடியும் துளையும் சேர்ந்த வீட்டு அடுப்புப் பரவியது மிக முந்திய செய்தியன்று. அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அண்மையில், கடல்மிதவை செய்யும் உலோகப் பட்டறையொன்றில் வேலைசெய்த ஜோர்ஜ் ஸ்டீவன் என்பவர், 1952 ஆம் ஆண்டில் மிதவையின் இரு பாதிகளை அடுப்பும் மூடியுமாக்கினார். திறந்த அடுப்பிற் காற்றும் மழையும் செய்த தொல்லையே அவரை அதற்குத் தூண்டியது. மூடியவுடன் நெருப்பு அணையாதிருக்க அதிற் துளைகள் இடப்பட்டன. வேபர் என்னும் பெயரால் அவ்வடுப்பு இன்றும் விற்பனையாகிறது.

பீப்பாயைத் தெரிதல்

கரியைப் பற்றிக் கூறுமுன் பீப்பாயைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறியே ஆகவேண்டும். கமக்காரர் வீட்டில் வெறும் பீப்பாய் கிடைப்பது அரிதன்று. ஆனால் கிடைக்கும் பீப்பாயெல்லாம் உணவுக்கு ஆகா. கிருமிநாசினி, களைநாசினி, பிற இரசாயனப் பொருள்கள் இருந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினும், எத்துணை நெருப்பிட்டுச் சுட்டாலும் இவ்வேலைக்கு எடுத்தல் கூடாது. வீதி வேலைக்கு வந்த தார்ப் பீப்பாயும் அவ்வாறே. தேங்காயெண்ணெய் போன்ற உணவுப் பொருள் இருந்த இரும்புப் பீப்பாயே சிறந்தது. அதன் உட்புறத்திற் பூச்சு இருப்பின், விறகிட்டு முழு அளவிற் கொழுந்துவிட்டு எரியச் செய்து பூச்சு முற்றிலும் நீங்கிய பின்னரே பயன்படுத்தல் வேண்டும். அப்போது எழும் புகை தீயது. காற்றின் எதிர்ப்பக்கத்தில் எட்டி நின்று செய்க.

பெற்றோல், டீசல், மெல்லி முதலியன இருந்த பீப்பாயை வெட்டுவதில் வேறொரு ஆபத்துண்டு. வெறுமையாகத் தோன்றும் பீப்பாயில் எண்ணெயின் ஆவி நிறைந்திருக்கும். வெட்டும் கருவியின் ஒரு பொறி போதும், பீப்பாய் வெடித்துவிடும். நிறைந்த பீப்பாயைவிட வெறும் பீப்பாயே இவ்வகையிற் கொடியது. அத்தகைய பீப்பாயை வாங்காது விடுதலே வழி.

கரிக்கூடைக்கும் கம்பித் தட்டுக்கும் நாகம் பூசிய கல்வனைஸ் வலை விலை குறைவாகக் கிடைக்கும். தணலோடு ஒட்டியிருக்கும் பாகத்தில் அதனைப் பயன்படுத்தலாகாது. நாகம் கடும் சூட்டில் ஆவியாகும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குக் குளிர்காய்ச்சல் போன்ற நோய் உண்டாகும். பூச்சற்ற இரும்புக் கம்பியால், 15 அங்குல விட்டமும் 10 முதல் 12 அங்குல உயரமும் உள்ள கூடையைச் செய்வித்து, அதன் அடி பீப்பாயின் தரையிலிருந்து 2 அல்லது 3 அங்குலம் உயர்ந்து நிற்கக் கால்கள் பொருத்துவித்தல் போதுமானது. கால்கள் வீண் அலங்காரமல்ல. கரி எரிய எரியச் சாம்பல் கீழே விழுந்து தங்குவதற்கு இடம் இல்லையாயின், கூடை நிறையக் கரி இருக்கும்போதே நெருப்பு மூச்சடைத்துப் போகும்.

காற்றுத்துளைகள் தரையிலிருந்து 2 அங்குல உயரத்தில் முக்கால் அங்குல அகலத்தில் மூன்று இருத்தல் வேண்டும். துளைதோறும் சிறிய குழாய்த்துண்டைப் பொருத்தி, இரண்டுக்குத் திருகு மூடியும், ஒன்றுக்குத் திறந்து மூடும் வால்வும் அமைத்தாற் காற்றைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் குறைக்கலாம். புகை வெளியேற மூடியில் அரை அங்குலத் துளைகள் எட்டு வேண்டும். சமையல் நடைபெறும் காலம் முழுவதும் மேற்றுளைகள் திறந்தே இருக்கட்டும். சூட்டைக் குறைக்க மேற்றுளையை அடைப்பவர் புகையை உள்ளே தேக்குகிறார். தேங்கிய புகை உணவின்மேற் கசப்பாகப் படியும். மடை கீழேதான் இருக்கிறது. கம்பித் தட்டு, கரியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 20 அங்குலம் விலகியிருத்தல் நன்று. தட்டின் மட்டத்திற் பீப்பாயின் பக்கத்தில் ஒரு வெப்பமானியும் வேண்டும். கையை நீட்டிச் சூடு பார்க்கும் பழைய வழக்கம், மூடிய பீப்பாயிற் பயன்படாது.

நல்ல கரியும் தீய கரியும்

முற்றாக வெந்த சிரட்டைக்கரி ஒன்றோடொன்று தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும். உடைத்தால் முகம் பளபளக்கும். கையில் அதிகம் ஒட்டாது. உள்ளே பழுப்பு நிறம் தெரியுமாயின், அல்லது மந்தமாக ஒலிக்குமாயின், அது அரைவேக்காட்டுக் கரியாகும். அரைவேக்காட்டுக் கரியில் எரிந்து தீராத தாரும் ஆவியும் எஞ்சியிருப்பதால், தணலாவதற்குப் பதிலாகக் கண்ணைக் கரிக்கும் வெண்புகையே கக்கும். ஊமற்கரியும் விறகுக்கரியும் பயன்படும். விறகுக்கரி பருத்த துண்டுகளாகக் கிடைப்பதால் மெதுவாக எரியும். சிரட்டைக்கரி மெல்லியது, சூடு கூடியது, காற்றுக் கூடினால் விரைவிற் பற்றிக்கொள்ளும். இரண்டையும் கலந்து, பருத்த விறகுக்கரி கீழேயும் சிரட்டைக்கரி இடையிடையேயும் வருமாறு நிரப்புவது இப்பகுதிக்கு ஏற்ற முறை.

கரியைக் கூடையில் இடுமுன் அரிதட்டில் அரித்துத் தூளை நீக்கவேண்டும். தூளும் துகளும் துண்டுகளின் இடைவெளியை அடைத்துக் காற்றின் வழியை மறிக்கும். கூடையின் ஒருபுறம் எரிந்து மறுபுறம் கறுப்பாகவே கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஈரம் இன்னொரு பகை. கரி காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும் இயல்புடையது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தில் வைத்த சாக்குக்கரி தொட்டால் உலர்ந்ததாகவே தோன்றும். பற்றவைக்கும்போதுதான் உண்மை தெரியும். மூடியுள்ள தகரத்தில் இட்டு, பலகைமேல் உயர்த்தி வைத்தல் வேண்டும். ஈரம் பட்ட கரியை இரண்டு நாள் வெயிலிற் பரப்பி உலர்த்திப் பயன்படுத்தலாம்.

வீட்டிலேயே சிரட்டை சுட்டுக் கரி எடுப்பவர் ஒன்றைக் கவனித்தல் அவசியம். புதிதாகச் சுட்ட கரி காற்றுப் பட்டதும் தானாகவே சூடேறி மீண்டும் பற்றக்கூடும். சுட்ட கலத்தைச் சேற்றால் மெழுகி இரவு முழுவதும் ஆறவிட்டு, எடுத்த பின்னரும் ஒரு முழுநாள் திறந்தவெளியிற் பரப்பி வைத்தே சாக்கில் இடவேண்டும். அன்றே சாக்கிற் கட்டிக் கிடுகுக் கொட்டிலுக்குள் வைப்பது கொட்டிலை இழப்பதற்கு வழியாகும்.

நடுவிலிருந்து வெளியே

இனிப் பற்றவைக்கும் முறை. புகையடுப்பிற் கரி முழுவதையும் தணலாக்கிச் சமைப்பதில்லை. பற்றாத கரியின் நடுவே சிறிதளவு தணலை இட்டு, நெருப்பு அண்டையிலுள்ள கரியை ஒவ்வொன்றாகப் பிடித்து மெல்ல வெளியே பரவ விடுதலே இதன் நுட்பம். ஆறு மணிநேரச் சமையலுக்கு எந்த நேரத்திலும் எரிந்துகொண்டிருக்கவேண்டியது கூடையில் ஒரு சிறு பகுதி மாத்திரமே. மற்றவை தம் முறை வரும்வரை காத்திருக்கும்.

அடியும் மேலும் வெட்டிய பால்மாத் தகரமொன்றைக் கூடையின் நடுவில் நிறுத்தி, அதனைச் சூழக் கரியை நிரப்புக. 4 கிலோகிராம் கரி பெரும்பாலும் போதும். வேறொரு சட்டியிற் காவோலைக் கிழிசலும் உலர்ந்த சிறாம்பும் இட்டு, 12 அல்லது 15 கரித்துண்டுகளைப் பற்றவைத்து, அவற்றின் மேற்புறம் வெண்ணீறு பூக்கும்வரை காத்திருக்கவேண்டும். அந்தத் தணலைக் குறட்டால் எடுத்துத் தகரத்துள் இட்டு, தகரத்தை மேலே இழுத்துவிட, தணல் கரியின் நடுவிற் குழியில் அமர்ந்துகொள்ளும். பின் கூடையைப் பீப்பாயில் இறக்கி, மூன்று காற்றுத்துளைகளையும் திறந்து மூடியை இடுக. மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அதன் வாடை உணவில் ஏறும். சூடான கரிமேல் ஊற்றினாற் சுவாலை கைக்கு ஏறும்.

தொடக்கத்தில் தடித்த வெண்புகை வரும். ஈரமும் தாரும் நீங்கும் புகை அது. இந்தப் புகையில் உணவை ஏற்றுதல் கூடாது. கால்மணி முதல் அரைமணி நேரத்திற் புகை மெலிந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலம் பாரித்து எழும். அதுவே ஏற்றுவதற்குரிய பதம்.

சமைப்பதற்கு வேண்டிய சூடு 110 முதல் 120 பாகை செல்சியஸ். 110 பாகை வரும்வரை காத்திருந்து பின்பு துளையை மூடுபவர் பிந்திவிட்டார். அதற்குள் பற்றிய கரி சூட்டை 150 பாகைக்குக் கொண்டுபோகும். வெப்பமானி 90 பாகை காட்டும்போதே ஒரு துளையையும், 105 பாகையில் இரண்டாவதையும் முற்றாக மூடி, வால்வுள்ள துளையைப் பாதியளவில் வைத்தல் வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தின் பயனும் தெரிவதற்குக் கால்மணி நேரமளவு செல்லும். பொறுமையின்றி ஐந்து நிமிடத்துக்கொருமுறை வால்வைத் திருகுபவர் தாமே ஏற்றிய சூட்டைத் தாமே துரத்திக்கொண்டிருப்பார். குறைந்த சூட்டைக் கூட்டுவது எளிது. கூடிய சூட்டைக் குறைப்பது கடினம்; ஏனெனில் பற்றிய கரி உடனே பற்றாத கரியாகிவிடாது. சூடு மிகுந்துவிட்டாற் கீழ்த்துளைகள் மூன்றையும் மூடி, 110 பாகைக்கு இறங்கும்வரை மூடியைத் தொடாமல் இருப்பதே செய்யத்தக்கது. நீர் தெளித்தல் தவறு. தணலிற் பட்ட நீர் ஆவியாகிக் குனிந்து நிற்பவரின் முகத்தைச் சுடும். சாம்பலையும் உணவின்மேல் எழுப்பும்.

மூடியைத் திறந்து பார்க்கும் ஆவல் எல்லோருக்கும் உண்டு. திறக்குந்தோறும் உள்ளே காற்று ஒரே வீச்சிற் புகுகிறது. மூடிய பின்னர் சில நிமிடங்களுக்குச் சூடு ஏறியே தீரும். இறைச்சியிலிருந்து சொட்டிய கொழுப்பு அந்நேரத்திற் சுவாலையாக எழுவதும் உண்டு. மணிக்கொரு தடவைக்கு மேல் திறவாதிருத்தல் நன்று.

சோளகக் காற்றுக் காலத்தைப் பற்றித் தனியே கூறவேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை இக்குடாநாட்டில் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று, காற்றுத்துளையை நேரே பார்த்துவிட்டால், வால்வு கால்பங்கு திறந்திருப்பினும் கொல்லன் துருத்திபோல் தணலை ஊதும். துளைகள் காற்றுக்கு மறுபுறம் இருக்குமாறு பீப்பாயைத் திருப்பி, வேண்டுமாயின் தகரமொன்றை மறைப்பாக நிறுத்துக. கிடுகு வேலியிலிருந்தும் வைக்கோற் பட்டடையிலிருந்தும் பத்து முழத்துக்குக் குறையாத தூரம் வேண்டும். காற்றோட்டத்தில் ஒரு பொறி எவ்வளவு தூரம் போகும் என்பதை வேலி எரியக் கண்டவர் அறிவர்.

சமையலின் நடுவே சூடு இறங்கினால் உடனே கரி கொட்டுவது பலரது வழக்கம். முதலிற் பார்க்கவேண்டியது சாம்பல். பீப்பாயின் பக்கத்திற் கோலால் இரண்டு முறை தட்டினால் கூடையிற் தங்கிய சாம்பல் உதிர்ந்து காற்றுக்கு வழிவிடும். பெரும்பாலும் அதனாலேயே சூடு மீளும். மீளாவிடில் வால்வைச் சற்றுத் திறக்கலாம். அதுவும் பயன்படாதபோதே கரி சேர்க்கவேண்டும். சேர்ப்பதாயின் சட்டியிற் பற்றவைத்துத் தணலாக்கியே சேர்க்கவேண்டும். பற்றாத கரியை மேலே கொட்டினால் முதலில் வந்த வெண்புகை மறுபடியும் வந்து, வெந்துகொண்டிருக்கும் உணவைப் பற்றும்.

புகைக்கு எந்த மரம்

கரி சூட்டைக் கொடுக்கும். மணத்தைக் கொடுப்பது கரியோடு வைக்கும் சிறு மரத்துண்டுகள். நன்கு உலர்ந்த கொய்யா, மா, புளி ஆகியவற்றிற் கைப்பிடியளவான இரண்டு மூன்று துண்டுகளைக் கரியினிடையே அங்கங்கே புதைத்து வைத்தால், நெருப்பு அவற்றை அடையும்போது ஒவ்வொன்றாகப் புகையும். அளவுக்கு மிஞ்சிய புகை நன்மையன்று. வர்ணம் பூசிய பலகை, மருந்தூட்டிய மரம், ஒட்டுப்பலகை ஆகியன விலக்கத்தக்கன. அலரி முழுவதும் நஞ்சு. வேலியோரத்திற் கிடக்கிறதென்று அதன் கொப்பை அடுப்பில் இடலாகாது. புகையிலைத் தோட்டத்தில் மிஞ்சிய காய்ந்த தண்டையும் அவ்வாறே விலக்குக. அதிலுள்ள நிக்கொற்றீன் உணவுக்கு உரியதன்று. உமியைத் தூவிப் புகை எழுப்புவதும் பயன் தராது. உமியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும். அச்சாம்பல் தணலைப் போர்த்து மூடிவிடும்.

சொட்டும் கொழுப்புத் தணலில் விழுந்து எரிவதாலும், மரம் காற்றுக் குறைவாகப் புகைவதாலும் பென்சோபைரீன் முதலிய பல்வளைய ஐதரோகாபன்கள் உண்டாகி உணவிற் படிகின்றன. அவற்றுட் சில புற்றுநோயை விளைப்பன. இறைச்சியின் மேலதிகக் கொழுப்பை அரிந்து நீக்குதலும், தட்டுக்கும் கரிக்கும் இடையே தாழ்ந்த தட்டமொன்றை வைத்துச் சொட்டை ஏந்துதலும் இதனைப் பெரிதும் குறைக்கும். தட்டம் பீப்பாயின் அகலத்திற் பாதிக்கு மேற்படாமல் இருந்தாற் சூடு அதன் சுற்றுப்புறமாக ஏறிச் செல்லும். மீன் புகையூட்டிப் பிழைக்கும் ஆபிரிக்கக் கரையோர மக்களிடையேயும் அடுப்புகள் மாற்றப்பட்டன. கானா நாட்டின் அக்ரா நகரத்தை அடுத்த சோர்க்கோர் என்னும் மீனவர் குடியிருப்பின் பெயரால் வழங்கும் அடுப்பில், தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே நெருப்பைப் பலமுறை வேலை வாங்கினர். எண்ணெய்ப் பீப்பாயை வெட்டிச் செய்த பழைய அடுப்புகளைவிட விறகு குறைந்தது. செனகல் நாட்டிற் பின்னர் உணவு விவசாய நிறுவனத்தின் உதவியுடன் உருவான அடுப்பில், கொழுப்பை ஏந்தும் தட்டமும் சேர்ந்தது. மீனைத் தணலில் வேகவைத்த பின்னரே புகை தனியாக ஊட்டப்பட்டது. பீப்பாயிலும் 7 அங்குல இடைவெளியில் இரண்டு தட்டுகள் வைக்கலாம். கோழி கீழ்த்தட்டில் இருக்கவேண்டும். அதன் சாறு மற்றை உணவிற் சொட்டலாகாது.

மீன் உட்புறத்தில் 63 பாகையும் கோழி 74 பாகையும் அடைந்தாலே வெந்ததாகும். நிறத்தை நம்பலாகாது, புகை பட்ட இறைச்சி வெந்த பின்னரும் சிவந்தே தோன்றும். கூரான சிறு வெப்பமானியைத் தடித்த பாகத்திற் குத்திப் பார்த்தல் வேண்டும். மரக்கறி உண்போர் வீடுகளிலும் இவ்வடுப்பு வீணன்று. சந்தையில் விலைபோகாத பருத்த கத்தரிக்காய்களையும் முழு வெங்காயத்தையும் தட்டில் அடுக்கி ஒன்றரை மணிநேரம் விட்டால், சம்பலுக்கு அதைவிடப் பொருத்தமான சுட்ட கத்தரிக்காய் வேறெந்த அடுப்பிலும் கிடைக்காது. காம்போரம் குத்தினால் இளகவேண்டும், அதுவே அளவு.

அணைத்தலும் மீதியும்

உணவை இறக்கியதும் பலர் அடுப்பை அப்படியே விட்டுப் பந்திக்குச் சென்றுவிடுவர். கரி வீணாவதிற் பெரும்பகுதி அந்த நேரத்திலேயே நிகழ்கிறது. உணவை இறக்கிய உடனே கீழ்த்துளைகளையும் மேற்றுளைகளையும் முற்றாக அடைத்துவிடவேண்டும். காற்று இன்றி நெருப்பு நின்றுவிடும். பற்றாத கரியும் பாதி எரிந்த கரியும் அப்படியே மிஞ்சும். மறுநாட் காலை கூடையை எடுத்து உலுக்கிச் சாம்பலை உதிர்த்தால், மிஞ்சிய கரியை அடுத்த முறை புதிய கரியோடு சேர்க்கலாம். ஒருமுறை எரிந்த கரி விரைவிற் பற்றும். ஆகையால் நடுக்குழியில் இடும் தணலுக்கு அதுவே மிகப் பொருத்தமானது. ஒவ்வொரு முறையும் இட்ட கரியையும் மிஞ்சிய கரியையும் தராசில் நிறுத்து ஓர் அப்பியாசக் கொப்பியிற் குறித்துவைப்பவர், மூன்றாவது நான்காவது சமையலிலேயே தமது பீப்பாய்க்கு வேண்டிய அளவை அறிந்துகொள்வர்.

அடைத்த பீப்பாயை இரவில் வீட்டுக்குள்ளோ, வண்டி நிறுத்தும் கொட்டிலுக்குள்ளோ, மழைக்காக அடைத்த விறாந்தையிலோ ஏற்றுதல் உயிராபத்தானது. எரியும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை கண்ணைக் கரிப்பதுபோல அது எச்சரிக்காது. இரத்தத்திற் பிராணவாயுவின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். தலையிடி, மயக்கம், வாந்தி ஆகியவற்றை வயிற்றுக்கோளாறு என்று எண்ணிப் படுத்தவர் எழாமலே போகக்கூடும். புகையே எழாத சிவந்த தணலும் இவ்வாயுவைக் கக்கும். பிள்ளை பெற்ற வீட்டிற் தாய்க்கும் குழந்தைக்கும் சாம்பிராணிப் புகை காட்டத் தணற்சட்டியை வைத்துக் கதவையும் யன்னலையும் அடைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு; அதனையும் கைவிடல் வேண்டும். அடுப்பருகே ஒருவருக்குத் தலை சுற்றினால் உடனே திறந்தவெளிக்குக் கொண்டுசென்று மருத்துவ உதவி நாடவேண்டும்.

சாம்பலுக்குள் தணல் ஒருநாளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். 24 மணிநேரம் கழித்தும், கையால் தொடாது கரண்டியாற் கிளறிப் பார்த்த பின்னரே எடுக்கவேண்டும். குப்பை மேட்டிற் சூட்டோடு கொட்டிய சாம்பலால் எரு முழுவதும் எரிந்து போகும். ஆறிய சாம்பலைப் பீப்பாயிலேயே விட்டுவைத்தால் மழையீரத்தில் அது காரநீராகி அடித்தகட்டை அரித்துவிடும். ஒரே மாரியில் ஓட்டை விழும்.

அந்தச் சாம்பலைத் தோட்டத்திற் கொட்டுவதில் அளவு வேண்டும். மருதனார்மடத்தைச் சூழவுள்ள செம்மண் சுண்ணாம்புக் கல்லின்மேற் படிந்தது. கிணற்று நீரும் சுண்ணாம்பு கலந்த கடின நீர். சாம்பல் காரத்தன்மையுடையது ஆகையால், ஒரே பாத்தியில் மீண்டும் மீண்டும் இட்டால் இரும்பும் நாகமும் பயிருக்குக் கிட்டாமற் போய் இளஇலை வெளுக்கும். குப்பை எருவில் மெல்லிய படையாகத் தூவிக் கலப்பதே தக்கது. அரிதட்டிற் சேர்ந்த கரித்தூளை வீசவேண்டியதில்லை. மாட்டுத் தொழுவத்திற் பரப்பி, சலமும் சாணமும் நன்கு ஊறிய பின்னர் எருவோடு சேர்த்தால் நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். ஊறாத வெறுந்தூளை நேரே பாத்தியில் இட்டால், பயிருக்குச் சேரவேண்டிய தழைச்சத்தைச் சில காலத்துக்குத் தானே பற்றிக்கொள்ளும். வர்ணப் பலகையோ வேறு கழிவோ எரிந்த நாளின் சாம்பலாயின், அது எருக்குழிக்கும் ஆகாது.